காற்று எழும்ப முன்னம்

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சோடியாக வாகனத்தில் திருகோணமலைக்கு வரவேண்டும், நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற புறாமலைத் தீவைப் பார்க்கவேண்டும், எப்படி, எப்போது, எவ்வளவு நேரம். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது திருக்கடலூர். அப்பா கரைவலை இழுத்தவர். கட்டியது மானிப்பாய்க்காரரை, அவருக்குக் கிணறு தெரியும், கடல் தெரியாது. முப்பத்து நாலு வருசமாக அவர் கார் ஓட்டுகிறார், நான் இடப்பக்கச் சீட்டில் இருந்து வழி சொல்கிறேன். கார் மூன்று மாறிவிட்டது. சீட்டு மாறவில்லை.

*

"கலியாணமாகி ஆறு மாதம். மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு நாளில் கன்னியா, கோணேசர் கோயில், புறாமலை, புல்மோட்டை எல்லாம் பார்க்க இருக்கிறோம். நேரம் போதுமா அக்கா?"
— வாசகி, வவுனியா

நேரம் போதும் தங்கச்சி, முதுகு போதுமா என்று பாருங்கள்.

ஹொரவப்பொத்தானை வழியாக வந்தால் நூறு கிலோமீற்றர் அளவுதான். வெள்ளாப்பில் கிளம்பாதீர்கள், அந்தக் காட்டுப் பக்கம் யானை இன்னும் றோட்டில் நிற்கும் நேரம் அது. நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, பன்குளம் தாண்டி, திருகோணமலைக்குள் நுழைய முன்னமே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குத் திரும்புங்கள். ஊருக்குள் போய்விட்டுத் திரும்பி வருவது வீண் பெற்றோல். ஏழு சின்னக் கிணறு, ஏழிலும் ஏழு விதச் சூடு. தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் வாளை ஊன்றிய இடங்கள் என்பது எங்கள் ஊர்க் கதை. அதனால்தான் இங்கே பழைய ஆட்கள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போவார்கள். வாளியால் அள்ளி ஊற்றுங்கள், பயண அலுப்புப் போய்விடும்.

பின்னேரம் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். போர்த்துக்கேயர் 1624 இல் இடித்துக் கடலில் தள்ளிய கோயில் நின்ற மலை. கோட்டை வாசலால் நடந்து ஏறும்போது புள்ளிமான் கூட்டம் குறுக்கே வரும். கையில் சொப்பிங் பை இருந்தால் ஒளித்துவிடுங்கள், அதுகள் பையையும் சேர்த்துத் தின்னும். இராவணன் வெட்டுப் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்களைப் பார்ப்பீர்கள். ஆறு மாதச் சோடியைப் பார்த்து யாராவது ஒரு அம்மா, "நீங்களும் ஒன்று கட்டுங்கோவன்" என்று சொல்லத்தான் போகிறா. சிரித்துவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அன்றிரவு ஊருக்குள் தங்காதீர்கள். உப்புவெளியையும் தாண்டி நிலாவெளிக்கே போய்விடுங்கள். பட்டினத்திலிருந்து பத்துக் கட்டை, அதாவது 16 கிலோமீற்றர். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், புறாமலைக்குப் போவதே கண்ணாடியும் குழாயும் போட்டு மிதந்து, மீனும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) பார்க்கத்தான். அதற்கு எல்லாமே நேரம்தான். மே தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் கரையில் கடல் காலையில் படுத்துக் கிடக்கும். எண்ணெய் ஊற்றினது போல இருக்கும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு காற்று எழும்பும். மேற்கே தரையிலிருந்து வருகிற கச்சான் என்றால் முகம் எரியும், மிதக்கிறவரைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். கடற்காற்று என்றால் அலை நொறுங்கி, அடிமண் கலங்கி, கண்ணாடி போட்டும் பால் தேத்தண்ணிக்குள் பார்த்தது போலத்தான். அப்பா சொல்வார், கடலுக்கு இரண்டு குணம், காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று என்று. இரண்டாவது குணத்தோடு எனக்கும் இவருக்கும் ஒரு கதை இருக்கிறது, கீழே வரும்.

ஆகவே காலையில் முதல் ஆட்களாக ரிக்கற் கொடுக்கும் இடத்தில் நில்லுங்கள். இரண்டு செலவு: வனசீவராசிகள் திணைக்களத்துக்கு நுழைவுச் சீட்டு, மற்றது படகு. படகுக் காசு ஆளுக்கு அல்ல, படகுக்கு. இரண்டு பேர் போனாலும் அதே தொகைதான். பக்கத்தில் நிற்கிற இன்னொரு சோடியோடு கதைத்துச் சேர்ந்து போனால் பாதி மிச்சம். வெட்கப்படாதீர்கள், அவர்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்பார்கள். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம்.

தேசிய பூங்கா என்றதும் யால மாதிரி ஜீப்பில் சுற்றுவது என்று நினைத்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். (என் மச்சாள்தான்.) இந்தப் பூங்கா 471 ஹெக்டேயர், அதில் பெரும்பகுதி கடல். தீவுகள் இரண்டு, பெரியதே 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம், ஃபைபர் படகில் பத்துப் பதினைந்து நிமிடம். 1963 இல் சரணாலயமாக்கினார்கள், 2003 இல் தேசிய பூங்கா. தீவில் கடை இல்லை, குடிதண்ணீர் இல்லை. தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிற போத்தலில் கொண்டு போங்கள். பிளாஸ்ரிக் கழிவை அங்கே விடக்கூடாது, மதுபானம் கூடாது.

மோட்டார் சைக்கிள் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடலில் இறங்கவேண்டாம் என்று உங்கள் அவரிடம் சொல்லுங்கள். எங்களுடைய இப்போதைய காரின் சாவி பொத்தான் உள்ள சாவி. உப்புத்தண்ணீர் குடித்த சாவியோடு வெயிலில் காருக்கு வெளியே இரண்டு மணித்தியாலம் நின்ற அனுபவம் உண்டு. சின்னத் தண்ணீர்ப் புகாப் பை ஒன்று, கழுத்தில் மாட்டுவது, நூறு சண்டையைத் தவிர்க்கும்.

பத்து மணிக்குள் தீவிலிருந்து திரும்பினால் புல்மோட்டைப் பாதைக்கு நேரம் இருக்கும். இறக்கக்கண்டிப் பாலத்தில் இறங்கி நில்லுங்கள். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். அதன் பிறகு கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி. பனையும் உப்பு வெளியும் மாறி மாறி வரும். புல்மோட்டை பட்டினத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அங்கே மணல் கறுப்பு. இல்மனைற்று என்ற கனிமம் கலந்தது, அள்ளிப் பார்த்தால் கை கனக்கும். அதே ஊரில்தான் அரிசிமலைக் கடற்கரையும். அங்கே மணல் குறுணல் அரிசி போல உருண்டை உருண்டையாக இருக்கும். ஒரே ஊரில் இரண்டு மணல். ஆனால் களைத்துப்போனால் குச்சவெளியோடு திரும்பிவிடுங்கள். எல்லாம் பார்க்கவேண்டும் என்று சட்டமில்லை. இன்னும் முப்பது வருசம் இருக்கிறது உங்களுக்கு.

*

"எனக்கு 58, மனைவிக்கு 55. அவவுக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். புறாமலைக்குக் கூட்டிப்போவதில் பிரயோசனம் உண்டா?"
— வாசகர், மட்டக்களப்பு

ஐயா, நீங்கள் கேட்கிறீர்கள். அவ கேட்டாவா? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருவதாக இருந்தால் பாதை மிக நல்லது. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலோரமாகவே வரலாம். நான் சிறுமியாக வந்த காலத்தில் ஆற்றுக்கு ஆறு இறங்கி 'பாதை'க்குக் காத்திருக்கவேண்டும். பாதை என்றால் றோட்டு இல்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. மட்டக்களப்பு ஆளுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அன்று என் மாமியார் பாலத்தில் நடுவே காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கி நின்றா. "இஞ்சதானே அரை நாள் நிண்டனாங்கள்" என்று மட்டும் சொன்னா.

பயத்தைப் பற்றி. நான் கடற்கரைப் பிள்ளை, ஆனால் எனக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் கடலைப் பார்க்கலாம், இறங்கக்கூடாது. ஐம்பது வயதுக்குப் பிறகுதான் கண்ணாடி போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், உயிர்காப்பு அங்கியோடு, படகுக்காரத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு சாண் தூரத்தில் நீலமும் மஞ்சளுமாக மீன் போகிறது. அரை நூற்றாண்டாக இந்தக் கரையில் மீன் சமைத்திருக்கிறேன், உயிரோடு இப்படி ஒன்றையும் கண்டதில்லை. அழுதேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே பிரயோசனம் உண்டு. செய்யவேண்டியது இவ்வளவுதான். வருவதற்கு முன்னம் வீட்டில் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியும் குழாயும் போட்டு முகத்தை வைத்து வாயால் மூச்சு விட்டுப் பழகச் சொல்லுங்கள். பயம் பாதிக்கு மேல் தண்ணீரில் இல்லை, மூக்கை அடைத்த உணர்வில் இருக்கிறது. கண்ணாடி அளவோ என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை விட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் கண்ணாடி. உங்களுக்கு மீசை இருந்தால் தண்ணீர் கசியும். வசலின் தடவுங்கள், அல்லது மீசையை எடுங்கள். (இவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உப்புத்தண்ணீர் குடிக்கிறார்.)

சேலையோ சல்வாரோ வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றி இழுக்கும். நான் போடுவது லெகின்ஸும் இவருடைய பழைய நீளக்கை ரீசேட்டும். வெயிலுக்கு அதுவே போதும், கிறீம் பூசத் தேவையில்லை. வெயிற் கிறீம்களில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கல்லைக் கெடுக்கும் என்றுதான் ஹவாயிலும் பலாவு என்ற தீவு நாட்டிலும் அதைத் தடைசெய்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு ஒப்பந்தம். படகில் ஏற முன்னம் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்: யார் "போதும்" என்றாலும் போதும். காரணம் கேட்கக்கூடாது, "இவ்வளவு தூரம் வந்து" என்று தொடங்கக்கூடாது. அந்த ஒரு வசனம் கெடுத்த பயணங்களை எண்ண எனக்கு விரல் காணாது.

*

"எங்கள் ஊரில் வேலியே முருகைக்கல்லில்தான் கட்டுகிறோம். புறாமலையில் கரையில் கிடந்த செத்த முருகைக்கல் ஒன்றை எடுத்ததற்கு உத்தியோகத்தர் ஏசினார். கடலில் இருப்பதை உடைத்தால் ஏசுவது சரி, கிடந்ததை எடுத்தால் என்ன குற்றம்?"
— வாசகர், நெடுந்தீவு

நல்ல கேள்வி. இந்த வருசம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

நெடுந்தீவு வேலியை நான் பார்த்திருக்கிறேன். அழகு. ஆனால் அந்தக் கல் வேறு கணக்கு. எப்போதோ கடலுக்குள் வளர்ந்து, செத்து, கடல் விலகித் தரையாகிவிட்ட பாறை அது. உங்கள் ஊர் நிற்பதே அதன் மேல்தான். புறாமலைக் கரையில் நீங்கள் மிதித்து நடந்த வெள்ளைத் துண்டுகள் இன்னும் கடலின் கணக்கில் இருக்கிறவை. புயலுக்கும் பெரிய அலைக்கும் அவை திரும்பத் தண்ணீருக்குள் போகும். முருகைக்கல்லின் குஞ்சு என்று சொல்லலாமே, கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ள மணல் உதவாது, கெட்டியான ஒரு தளம் வேண்டும். செத்த முருகைக்கல்தான் அந்தத் தளம். செத்தது என்று நாம் நினைப்பது அடுத்ததற்கு அத்திவாரம்.

இன்னொன்று, வேகம். கிளை விடுகிற சாதி நல்ல இடத்தில் வருசத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டையாக, மூளை மாதிரி இருக்கிறதே, அது வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. நீங்கள் கையில் எடுத்த துண்டு உங்களுக்கு மூத்ததாக இருக்கலாம். மூத்தவர்களை அப்படித் தூக்கிப் பையில் போடலாமா?

சட்டம் என்று பார்த்தாலும் தேசிய பூங்காவிலிருந்து கல்லோ சிப்பியோ இறகோ எதையும் எடுக்க முடியாது. அந்த உத்தியோகத்தர் ஏசியதோடு விட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

கூடுதலாக ஒன்று. 1998 இல் கடல் சூடாகித் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல் எல்லாம் வெளுத்துச் செத்துப்போனபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வெளுப்பது என்றால், முருகைக்கல்லுக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு போடுகிற பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடுகிறது. நிறம் அந்தப் பாசியின் நிறம். வழமையான கோடைச் சூட்டை விட ஒரு பாகை கூடி, சில கிழமை அப்படியே நின்றாலே போதும். சூடு கெதியில் இறங்கினால் பாசி திரும்பி வரும்; இல்லாவிட்டால் பட்டினிதான். அந்த முறை தப்பியதை எங்கள் காலால் மிதித்துக் கொல்கிறோம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். லீவு நாளில் போய்ப் பாருங்கள், முழங்கால் தண்ணீரில் முருகைக்கல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை.

மிதிக்கிறவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அந்தக் கதையைச் சொல்லவேண்டிய இடம் இதுதான்.

யுத்தம் முடிந்து மூன்று வருசம் இருக்கும். வீட்டில் நான் "காலையிலேயே போவோம்" என்கிறேன். இவர் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, பேப்பர் பார்த்து, காருக்குத் தண்ணீர் விட்டு, நிலாவெளிக்கு வர பதினொரு மணி. காற்று எழும்பிவிட்டது. கரையில் நின்ற ஒரு படகுக்காரர் "ஒன்றுமில்லை, ஏறுங்கோ" என்றார். பெயர் வேண்டாம், பிழைப்புத்தானே. அங்கி கேட்டேன், ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு. தீவில் இறங்கி இவர் குழாயைப் போட்டுக்கொண்டு போனார், ஒரு அலை குழாய்க்குள் தண்ணீர் விட்டது, மனுசன் பதறிக் காலை ஊன்றினார். ஊன்றிய இடம் முருகைக்கல். பாதத்தில் நாலு கீறல், அவ்வளவுதான். கிளையில் ஒரு கை அகலம் ஒடிந்து விழுந்தது.

படகுக்காரர் எங்களை இறக்கிவிட்டு அடுத்த ஆட்களுக்குப் போய்விட்டார். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். கீறலை இவர் பெரிதாக எடுக்கவில்லை. அது மூன்று கிழமை ஆறவில்லை. முருகைக்கல் வெட்டு அப்படித்தான், தூள் உள்ளே இருந்து புண்ணாக்கும். உடனே நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, தூளை எடுத்து, மருந்து போட்டு, ஏற்பு ஊசி போட்டுக் காலமாகிவிட்டதென்றால் அதையும் போட்டுக்கொள்ளவேண்டும். சிவந்து வீங்கினால் ஆஸ்பத்திரி. மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கவேண்டாம், நாங்கள் இருந்தோம்.

*

"புறாமலையில் சுறா உண்டாமே. கடிக்குமா?"
— வாசகர், மாத்தளை

உண்டு. துடுப்பு நுனியில் கறுப்புப் பொட்டு வைத்த சின்னச் சுறா, ஒன்றரை மீற்றர் அளவு. கூச்ச சுபாவம். நீங்கள் கையைக் காலை அடித்தால் அது ஓடிவிடும், பிறகு "சுறாவே இல்லை" என்று கடிதம் போடுவீர்கள். காலையில், அசையாமல் மிதந்தால் தெரியும்.

நான் பயப்படுவது கிளாத்தி மீனுக்கு. அதிலும் பெரிய சாதி, முட்டை காக்கிற நேரம் பல்லோடு துரத்தும். தன் கூட்டுக்கு நேர் மேலே உள்ள தண்ணீர் முழுதும் தன் வளவு என்று அதற்கு எண்ணம். மேலே போகப் போக வளவு அகலும். ஆகவே துரத்தினால் மேலே எழும்பாதீர்கள், பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

*

"திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் வழியில் எங்குமே நிற்பாட்ட மாட்டார். 'ஆறு மணித்தியாலத்தில் வந்தேன்' என்று நண்பர்களிடம் சொல்லவேண்டுமாம். எனக்குக் கந்தளாய்த் தயிர் வாங்கக்கூட முடியவில்லை."
— வாசகி, வெள்ளவத்தை

அவருக்கு இந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள்.

தம்பி, கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் வருகிறீர்கள். ஹபரணை தாண்டிக் கந்தளாய் வரை காடு. யானை பொழுதுபடும் நேரம் றோட்டுக்கு வரும், வேகமாக வருகிறவனுக்காக ஒதுங்காது. ஆறு மணித்தியாலம் என்று பந்தயம் பிடிக்கிறவர்கள் அந்தத் துண்டை இருட்டில்தான் கடக்கிறார்கள். விடியக் கிளம்பி, குருநாகலில் ஒரு தேத்தண்ணி, கந்தளாயில் குளக்கட்டில் கால்மணி நேரம், சட்டித் தயிர் இரண்டு. ஒன்று வாங்கினால் நிலாவெளி வருவதற்குள் முடிந்துவிடும். சட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. பின்சீட்டில் வைத்துக் கவிழ்ந்த தயிர் மணம் எங்கள் இரண்டாவது காரை விற்கும்வரை போகவில்லை.

*

"டிசெம்பரில்தான் எங்களுக்கு லீவு. இரண்டு கிழமை ஊரில். புறாமலை பார்க்கலாமா?"
— வாசகர், ரொறன்ரோ

இல்லை. வாடைக் காற்றும் மாரி மழையும் சேர்ந்த மாதம் அது, கடல் கலங்கிக் குமுறும். "காசைக் கூட்டித் தாங்கோ, கொண்டு போறம்" என்று யாராவது சொன்னால் இன்னும் உறுதியாக மாட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் கடலுக்குள் பார்க்கத்தான் வேண்டுமென்றால் தெற்கே போங்கள். ஹிக்கடுவையும் கடல் தேசிய பூங்காதான், 2002 இல் ஆக்கியது. எங்கள் கடல் குமுறும்போது அங்கே அடங்கத் தொடங்கும். எங்களுக்கு நல்ல காலம் வரும்போது அவர்களுக்குக் குமுறல். ஒரு சின்னத் தீவு, இரண்டு கரை, முறை வைத்துக்கொண்டிருக்கிறது. திருகோணமலைக்கு வந்தே ஆகவேண்டுமென்றால் மழை விட்ட ஒரு காலையில் புல்மோட்டை தாண்டிக் கொக்கிளாய்க் களப்புப் பக்கம் போங்கள். குளிர்நாட்டுப் பறவைகள் வந்திருக்கும். நீங்களும் அங்கிருந்துதானே வருகிறீர்கள்.

*

"புறாமலையில் உண்மையாகவே புறா இருக்கிறதா, பெயர் மட்டுமா? இரண்டு தடவை போயும் காணவில்லை."
— வாசகி, உவர்மலை

உவர்மலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே பிள்ளை. இருக்கிறது. மாடப்புறாதான். ஆனால் நம் பஸ் நிலையத்தில் வடைத்துண்டு பொறுக்கிற கலப்புச் சாதி அல்ல. பாறை வெடிப்பில் முட்டையிடுகிற காட்டுப் புறா. இலங்கையில் அது காட்டுப் புறாவாகவே மிஞ்சியிருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவைச் சூட்டுப் பயிற்சிக்குப் பாவித்தார்கள். அதையும் தாண்டி வந்தவை.

நானும் முதல் இரண்டு தடவை காணவில்லை. தலை தண்ணீருக்குள், கண் மீனில், பிறகு படகு பிடிக்க அவசரம். கண்டது, இவர் காலை வெட்டிக்கொண்ட அன்றைக்கு. என் சால்வையைக் கிழித்துக் கட்டுப்போட்டுவிட்டு, படகும் இல்லாமல், கதைக்கவும் மனமில்லாமல், பாறை நிழலில் இரண்டு பேரும் குந்திக்கொண்டிருந்தோம். வெயில் உச்சியில். மேலே ஏதோ முனகியது. இவர்தான் முதலில் பார்த்தார். சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மினுக்கம், பாறைப் பொந்துக்குள் இரண்டு. ஒன்று வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே பொந்துக்குள் வந்து உட்கார்ந்தது. மற்றது அரக்கி இடம் விட்டது.

"பதினொரு மணிக்கு வந்தபடியால்தான் கண்டோம்" என்றார் இவர். நான் பதில் சொல்லவில்லை.